ஒருத்தி மட்டும் திரும்ப வேண்டிய பெயர்

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இதுவரை பரப்பியதே போதும். மூன்று அசை உள்ள ஒரு பெண் பெயர், அவ்வளவுதான் சொல்வேன். முதல் அசையில் அழுத்தம் விழக் கூடாது. நடு அசையைக் கொஞ்சம் நீட்டி, கடைசி அசையை லேசாக விட்டுவிட வேண்டும். இந்த ஊரில் நாற்பத்து மூன்று வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடக் கற்றுக்கொடுத்தவள் நான். பெயரைக் கண்டுபிடித்தவள் நான் இல்லை. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதிமூன்று வருஷம் ஆனது.

கண்டுபிடித்தவள் பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவள். எழுத உட்கார்ந்தது அவளைப் பற்றித்தான். ஆனால் என்னைப் பற்றிச் சொல்லாமல் தீராது. திருடியவளை விட்டுவிட்டுத் திருட்டைப் பற்றி எப்படிப் பேசுவது?

நான் ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவு எழுதும் குமாஸ்தா. பிரசவ வார்டுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே என் அறை. ஒரு ஜன்னல். உள்ளே நான், வெளியே புது அப்பாக்கள். என் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி, அதில் வருஷவாரியாகப் பதிவேடுகள். என் நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்றபடி பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் நான் ‘பேரக்கா’. ஊருக்கெல்லாம் பேர் எழுதப் போய் சொந்தப் பேரைத் தொலைத்தவள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மையால் எழுதிய பெயரை அடித்துத் திருத்தினால் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும், முத்திரை வேண்டும், அதற்கு முன் அவரிடம் அரை மணி நேரம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். அப்பா காலையில் ஒரு பெயர் சொல்வார். சாயங்காலம் அவருடைய அக்கா வந்து அது வேண்டாம், இதுதான் என்பாள். மறுநாள் மாமியார் வந்து இரண்டையும் குப்பையில் போடச் சொல்வார். அதனால் நான் பெயரை முதலில் பென்சிலில்தான் எழுதுவேன். எழுதும் முன் சொல்ல வந்தவரை மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வைப்பேன். மூன்றாம் தடவை குரல் இறங்கினால் அந்தப் பெயர் நிலைக்காது என்று எனக்குத் தெரிந்துவிடும். அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பென்சில் மேல் மை. சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. எல்லாம் நானாக வைத்துக்கொண்டதுதான்.

அவள் வந்தது பிரசவமான இரண்டாம் நாள். இடுப்பில் கைவைத்தபடி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். குழந்தை எடை குறைவு, கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள்.

“அக்கா, பேர் எழுதணும்.”

“நீ எதுக்கும்மா எழுந்து வந்தே? அவர் வரலையா?”

“லாரியில போயிருக்கார். வெள்ளிக்கிழமைதான் வருவார். வந்து கையெழுத்துப் போடுவார். நீங்க எழுதி மட்டும் வைங்க.”

பெயரைச் சொன்னாள். அப்போதே எனக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். ஊரில் உள்ள பெயர் அத்தனையும் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. இதை நான் கேட்டதே இல்லை.

“இது எங்கே உள்ள பேரும்மா?”

“எங்கேயும் இல்லக்கா. நானே பண்ணினது.”

ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு விளக்கினாள். பஸ் நிலையத்தில் பிள்ளை தொலைந்தால் அவளிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். நாலைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வருமாம். மைக்கில் ஒன்றைச் சொன்னால் மூன்று அம்மாக்கள் மூச்சு வாங்க மாடியேறி வருவார்களாம். அதில் இரண்டு பேருடைய பிள்ளை கீழே பெட்டி மேல் உட்கார்ந்து எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும்.

“எம் பொண்ணு பேரைச் சொன்னா எம் பொண்ணு மட்டும் திரும்பணும். வேற யாரும் திரும்பக் கூடாது. அதுக்காக எட்டு மாசம் யோசிச்சேன்க்கா. பஸ் சத்தத்துல முதல் எழுத்து அடிபட்டுடும். நடுவுல நீட்டினாத்தான் தூரம் போகும். சொல்லுங்க பார்ப்போம்.”

பெயர் சொல்ல வந்தவர்களை நான் சோதிப்பதுதான் வழக்கம். அன்றைக்கு அவள் என்னைச் சோதித்தாள். முதல் தடவை நான் முதல் அசையில் அழுத்திவிட்டேன். அவள் இல்லை என்று கையை ஆட்டினாள். இரண்டாம் தடவை கடைசியை வெட்டிவிட்டேன். மூன்றாம் தடவை சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். நான் பென்சிலில் எழுதினேன்.

நாலாம் நாள் காலையில் வார்டிலிருந்து சீட்டு வந்தது. குழந்தை இல்லை.

கையெழுத்து ஆகாத பெயர் பெயரே இல்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும், அது மட்டும் சட்டம். ரப்பரை எடுத்து அழித்தேன். பதிவேட்டில் விழுந்த ரப்பர் துகளை வாயால் ஊதித் தள்ளினேன், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இவ்வளவுக்கும் இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஊதியதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. எல்லா நாளும் ஊதுகிற மாதிரிதான் அன்றைக்கும் ஊதினேன். மத்தியானம் அவள் புருஷனோடு வந்து பதிவுக் காகிதத்தை வாங்கி, பார்க்காமலே நாலாக மடித்துக்கொண்டு போனாள்.

இதுவரை என் மேல் பெரிய தப்பில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்ததுதான் தப்பு.

ஏழு மாதம் கழித்து ஒரு பூட்டு ரிப்பேர்காரர் ஜன்னலில் வந்து நின்றார். பெண் குழந்தை, பெயர் எழுத அன்றைக்குத்தான் கடைசி நாள். வீட்டில் பெயர்ச் சண்டை தீரவில்லை. “நீங்களே நல்லதா ஒண்ணு சொல்லுங்க பேரக்கா, எல்லாரும் வாயை மூடிப்பாங்க” என்றார். அந்தப் பெயர் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. யோசித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. யோசிக்கவும் செய்தேன், ஒரு பென்சில் சீவுகிற நேரம். நல்ல பெயர் ஒன்று வீணாய்ப் போகிறதே, யாராவது ஒரு பிள்ளை வைத்துக்கொள்ளட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொன்னேன். நடுவில் நீட்டச் சொல்லிக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாம் தடவை சொல்லும்போது மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

“எங்கே பிடிச்சீங்க அக்கா இந்தப் பேரை?”

“மனசுல தோணுச்சு” என்றேன்.

பெயரைக் கொடுத்ததைக் கூட யாராவது மன்னிக்கலாம். இந்த வார்த்தைதான் திருட்டு.

அதன் பிறகு கேட்கவா வேண்டும்? பூட்டு ரிப்பேர்காரர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு வந்தார்கள். அவர்களுடைய நாத்தனார் வந்தாள். “அந்தப் பேர் இருக்காமே, நடுவுல நீட்டிச் சொல்றது” என்று ஜன்னலில் வந்து கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் யார் யாரோ சொன்ன பெயரை எழுதியவளுக்கு, தான் சொல்லி நாலு பேர் வைத்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொருவரையும் நிற்க வைத்துச் சொல்லப் பழக்குவேன். அழுத்தாதீங்க, நீட்டுங்க, கடைசியை விட்டுடுங்க. என் கை தானாக ஆடும். அவள் ஆட்டிய அதே ஆட்டம். முதல் இரண்டு மூன்று தடவை அவள் முகம் நினைவுக்கு வந்தது. பத்து தடவைக்கு மேல் அதுவும் பழகிவிட்டது.

சில வருஷத்தில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். ஒரே வகுப்பில் ஐந்து பேர் அதே பெயர். டீச்சர் அவர்களை நெட்டை, குட்டை, கண்ணாடி, ரெட்டைஜடை, புதுசு என்று பிரித்து வைத்தார். புதுசு வந்து மூன்று வருஷமாகியும் புதுசுதான். அந்த டீச்சர் வெளியூரிலிருந்து வந்தவர், முதல் அசையில் ஓங்கி அடிப்பார். ஐந்து அம்மாக்களும் சேர்ந்து போய், எங்கள் பிள்ளை பேரை இப்படி உடைக்காதீர்கள் என்று முறையிட்டார்கள். டீச்சர் அலுத்துக்கொண்டு, “இந்த ஊர்த் தண்ணியிலதான் இந்தப் பேர் கலந்திருக்கோ?” என்று கேட்டாராம். இதை ஒரு அம்மா என்னிடம் வந்து சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பதிமூன்றாம் வருஷம் அவள் வந்தாள்.

முகம் அடையாளம் தெரியவில்லை, முன்நெற்றி முழுக்க நரைத்திருந்தது. “அக்கா” என்று கூப்பிட்ட குரலில் தெரிந்துகொண்டேன். தினமும் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒலிபெருக்கியில் கேட்கிற குரல். என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

“பழைய பதிவு ஒண்ணு பார்க்கணும். எம் பொண்ணோடது. மூணு நாள்தான் இருந்தா. நீங்க பேர் எழுதினீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

“எதுக்கும்மா இப்போ?”

“அந்தப் பேரை நான் சொந்தமா பண்ணினேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. இப்போ ஊரெல்லாம் அதே பேர். எங்கிட்ட தொலைஞ்சு வர்ற பிள்ளைங்களே அந்தப் பேர்ல வருது. எங்க வீட்டுக்காரர் சொல்றார், நீ எங்கேயோ கேட்டதைத்தான் வச்சிருக்கே, உனக்குத் தெரியலைன்னு. தினமும் என் காதுல நூறு பேர் விழுது. அதுல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்திருக்குமோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு. அவளுக்குன்னு நான் குடுத்தது அது ஒண்ணுதான். ஒரு துணி கூடப் போட்டுப் பார்க்கல. அதுவும் யாரோடதோ எடுத்துக் குடுத்ததுன்னா...” என்று நிறுத்தினாள். “தேதி பார்க்கணும். மத்தவங்களுக்கு முன்னாடி எம் பொண்ணுக்கு எழுதியிருக்கான்னு மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன்.”

பதிவேடு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிக் கை நீட்டினால் எட்டும். திறந்தால் அங்கே ஒரு கோடுதான் இருக்கும். ஏன் கோடு என்று கேட்பாள். அழித்தேன் என்பேன். அப்போ மத்தவங்களுக்கு எப்படிப் போச்சு என்று கேட்பாள்.

“பழைய பதிவேடெல்லாம் தலைமை ஆபீசுக்குப் போயிடுச்சும்மா. எழுதிக் கேட்கணும். பதினஞ்சு நாள் ஆகும்” என்றேன்.

பதினைந்தாம் நாள் சரியாக வந்தாள். இன்னும் வரவில்லை என்றேன். அடுத்த மாதம் வந்தாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். “உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு மத்தியானம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். கோட்டைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் வந்த பக்கங்களில் அந்தப் பெயரை எண்ணினேன். நாற்பத்து மூன்று. எல்லாம் என் கையெழுத்து, நல்ல அழுத்தமான மை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். “என்ன, வேலை அதிகமா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்று அவரிடமும் ஒரு பொய்.

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒலிபெருக்கி வண்டி நம்பர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தது. பிசிறில்லாத குரல், சோறு வடிக்கிற மாதிரி நிதானம். பிறகு, “ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருவர் அறிவிப்பு அறையில் இருக்கிறார். குழந்தையின் பெயர்” என்று சொல்லி நின்றது. மைக் அணையவில்லை. மூச்சு விடுவது ஊருக்கே கேட்டது. அப்புறம் அந்தப் பெயர் வந்தது, நடுவில் நீண்டு, கடைசியில் லேசாக விட்டு. எனக்கு முன்னால் நின்றிருந்த ஒரு சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். பழக்கடைப் பக்கம் இன்னொருத்தி திரும்பினாள். அவள் தோளில் இருந்த பள்ளிக்கூடப் பை சரிந்து விழுந்தது.

நான் கொடுத்த பெயரை அவள் வாயாலேயே கூப்பிட வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

அறிவிப்பு அறைக்கு இரும்புப் படிக்கட்டு. மேலே கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு மைக், ஒரு சிவப்பு பல்பு, தொலைந்த பிள்ளைகள் உட்கார ஒரு பெஞ்சு, அதன் மேல் பிஸ்கட் டப்பா. நான் போனபோது அந்த ஆறு வயதுப் பெண்ணின் அம்மா அவளை இழுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். முதுகில் ஒன்று வைத்து, அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வாங்கக்கா. பதிவேடு வந்துடுச்சா?” என்றாள் மைக் முன்னால் இருந்தவள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில், ரப்பர், கோடு, பூட்டு ரிப்பேர்காரர், மனசுல தோணுச்சு என்று சொன்ன பொய். நாற்பத்து மூன்று என்ற கணக்கையும் சொன்னேன். நடுவில் அவள் இரண்டு தடவை கையைக் காட்டி என்னை நிறுத்தி, சிவப்பு பல்பை எரியவிட்டு, வண்டி நம்பர் சொன்னாள். குரல் ஆடவே இல்லை.

நான் முடித்ததும் கேட்டாள். “அப்போ நான்தானா?”

“நீங்கதான்.”

“நானேதான் பண்ணினேனா? வேற எங்கேயும் இல்லையா?”

“பதினேழு வருஷத்துல நான் கேட்டதில்ல. முதல்ல உங்க வாயிலதான் கேட்டேன்.”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போல. மன்னித்துவிடுவாள் என்று கூட ஒரு நப்பாசை வந்தது. அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

“மூணு தடவை வந்தேன்.”

“ஆமாம்.”

“அலமாரி உங்க முதுகுக்குப் பின்னாடிதானே இருந்துச்சு?”

“ஆமாம்.”

“தொந்தரவு குடுக்கறேன்னு நான் மன்னிப்பு வேற கேட்டேன்.”

“கோட்டை அழிச்சுட்டு இப்போ மையில எழுதிடறேன். வேலை போனாலும் பரவாயில்ல” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

“வேண்டாம் மேடம். எழுதி வச்சா அதையும் யாராவது பார்த்து வச்சுக்குவாங்க.”

அதுவரை அக்கா என்றவள் மேடம் என்றாள். அதற்குப் பிறகு இன்றைக்கு வரை மேடம்தான்.

பிஸ்கட் டப்பாவின் மூடியைச் சரியாகப் பொருத்தி மூடினாள். பிறகு ரொம்ப நிதானமாகப் பேசினாள். “தொலைஞ்ச பிள்ளைகிட்ட நான் முதல்ல கேட்கறது, அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாங்கன்னுதான். அது சொல்ற மாதிரியே நானும் சொல்லிப் பார்ப்பேன். அது தலையாட்டினாத்தான் மைக்ல சொல்லுவேன். இந்தப் பேர்ல இன்னைக்கோட ஆறு பிள்ளை வந்துடுச்சு. ஆறும் நான் சொல்ற மாதிரியே சொல்லுது. எப்படின்னு தெரியாம பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் கூப்பிடறேன், பிள்ளை கிடைச்சுடுது. ஒவ்வொரு தடவையும் வேற யாருக்கோ கிடைச்சுடுது.” என்னை நேராகப் பார்த்தாள். “இனிமே என்னால முடியாது. அந்தப் பேர்ல ஒரு பிள்ளை வந்தா போன் பண்ணுவேன். எந்த வேலை இருந்தாலும் நீங்க வந்து கூப்பிடணும். அப்புறம் இன்னொண்ணு. இனி யாருக்கும் குடுக்காதீங்க.”

சரி என்றேன். ஆஸ்பத்திரிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் ஒரு தெருதான். வேண்டுமானால் ஓடி வந்துவிடலாம்.

நாலு மாதம் போன் வரவில்லை. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் பகீரென்றது. ஐந்தாம் மாதம், காலை பதினொரு மணி, ஜன்னலில் நாலு அப்பாக்கள். “மேடம், ஒண்ணு வந்திருக்கு” என்றாள் போனில். ஜன்னலைச் சாத்தினேன். அப்பாக்கள் முணுமுணுத்தார்கள். முட்டிவலியோடு தெருவைத் தாண்டி இரும்புப் படியேறினேன்.

பெஞ்சில் ஐந்து வயதுப் பெண். ஒரு காலில் மட்டும் வார் மாட்டிய செருப்பு, மற்றது அவிழ்ந்து தொங்கியது. பிஸ்கட்டின் ஓரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிக் கடித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே வந்ததும் அறிவிப்புக்காரி வெளியே போய்ப் படிக்கட்டு மேல்தட்டில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

“அம்மா உன்னை எப்படிம்மா கூப்பிடுவாங்க?” என்று கேட்டேன்.

சொன்னது. நான் திருப்பிச் சொன்னேன். தலையாட்டியது.

சிவப்பு பல்பு எரிந்தது. நாற்பத்து மூன்று குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்த வாய், ஒரு தடவை சொல்ல அப்படித் தடுமாறியது. என் குரல் கரகரவென்று பஸ் நிலையம் முழுக்கப் போய் மோதித் திரும்பி வந்தது. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். டிக்கெட் ஜன்னலில் ஒருத்தி திரும்பினாள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி. ஒன்பதாம் நம்பர் வண்டிக்குள்ளிருந்து இரண்டு தலை எட்டிப் பார்த்தன. வெளியே நின்றவள் எவரையும் பார்க்கவில்லை. அவள் தோள் மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது.

குழந்தையின் அம்மா தடதடவென்று மேலே வந்தாள். அள்ளி எடுத்து, திட்டி, கொஞ்சி, எல்லாம் முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“பேரக்கா, நீங்களா! இங்கே என்ன பண்றீங்க? பாப்பா, உனக்குப் பேர் வச்ச அக்கா இவங்கதான். தேங்க்ஸ் சொல்லு.” வெளியே நின்ற அறிவிப்புக்காரி உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பி, அந்த அம்மா பெருமையாகச் சொன்னாள், “இந்தப் பேர் இவங்க மனசுல தோணினதுங்க.”

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன பொய், யாரோ ஒருத்தி வாயில் அப்படியே திரும்பி வந்து நின்றது. அறிவிப்புக்காரி கதவுப் பிடியில் கைவைத்தபடி என்னையே பார்த்தாள். என்னால் கண்ணைத் திருப்ப முடியவில்லை.

“இல்லம்மா” என்றேன். “அன்னைக்கு நான் பொய் சொன்னேன். பேரைக் கண்டுபிடிச்சது இவங்க. இவங்க பொண்ணுக்காகப் பண்ணினது. கேட்காம எடுத்து உங்களுக்கெல்லாம் குடுத்தது நான்.”

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்ல பேருங்க” என்று அவளிடம் சொன்னாள்.

அறிவிப்புக்காரி குனிந்து குழந்தையின் அவிழ்ந்த செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்க பொண்ணு பேரும் இதுதானா?” என்று குழந்தை கேட்டது.

“ஆமாம்.”

“அவ எங்கே?”

“இங்கே இல்லம்மா.”

“தொலைஞ்சுட்டாளா? மைக்ல கூப்பிடுங்க, வந்துடுவா. நான் வந்துட்டேன்ல.”

அவள் வாரின் கொக்கியைச் சரியாகப் போட்டாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். “கூப்பிட்டா நீங்கல்லாம்ல திரும்பறீங்க” என்றாள். திட்டுகிற குரல் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பிறகு எழுந்து மைக் முன்னால் உட்கார்ந்து ஒன்பதாம் நம்பர் வண்டி புறப்படுவதை அறிவித்தாள். நான் படியிறங்கினேன்.

என் ஜன்னலில் அந்த நாலு அப்பாக்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் நின்றவர் ஒரு தச்சர், காதில் பென்சில் செருகியிருந்தார். பெண் குழந்தையாம். “பேரக்கா, நீங்க நல்ல பேரா சொல்வீங்கன்னாங்க. ஒண்ணு சொல்லுங்களேன்” என்றார்.

“எனக்கு எந்தப் பேரும் தெரியாது. உங்க வீட்டம்மாவைக் கேட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.